எல் போர்டு மாட்டிய பந்தயக் கார்

"இஞ்சேருங்க, தள்ளி நில்லுங்க! வண்டி பின்னால வருது!"

வீட்டுக்குள் காலை வைத்ததும் என் மனைவி செண்பகம் போட்ட சத்தம் இது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பதறிப்போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். கையிலிருந்த நேந்திரம்பழப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். கரமனையில் எங்கள் வீடு இருப்பது இரண்டாவது மாடியில்.

செண்பகம் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசை விளிம்பில் ஒரு கறுப்பு ஸ்டீயரிங் பூட்டியிருந்தது. காலடியில் பெடல்கள். எதிரே சுவரில் டி.வி. ஆனால் அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை. இடது கையைப் பக்கத்து நாற்காலியின் முதுகில் போட்டு, கழுத்தை முழுசாகத் திருப்பி, பின்னால் இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில்தான் நான்.

டி.வி.யில், சிவப்பாக, தரையோடு தரையாகத் தவழ்கிற ஒரு பந்தயக் கார் பின்பக்கமாகவே விரைந்து, ஒரு துறைமுகத்தின் விளிம்பைத் தாண்டி, கடலில் விழுந்தது.

"நீங்க குறுக்க வந்து நின்னதுல கவனம் போச்சு," என்றாள்.

"தெரியாம வந்துட்டேன்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

சோபாவில் எங்கள் மகள் அனகா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. அந்த ஸ்டீயரிங்கும், தெருப் பந்தய வீடியோ கேமும், கடலில் விழுந்த காரும் அவளுடையவை.

"அப்பா, அது என்டெ பன்சாரோ. எத்தனை ரேஸ் ஜெயிச்சு எடுத்த காராணு தெரியுமா? அம்மா அதை ரிவர்ஸிலே கடல்ல விட்டுட்டா."

"கடல் அங்க இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள் செண்பகம்.

(போன வாரம், தலைக்கு டை அடிக்கப் போய்க் காது கறுத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் பழவங்காடியில் என்னை நிறுத்தி, காதை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். காது வெளுத்துவிட்டது என்பதை மற்றவர்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.)

ஒரு எழுத்தும் சில கம்பிகளும்

கடலில் கார் விழுந்ததற்குக் காரணம் ஓர் ஆங்கில எழுத்து. எச்.

கேரளத்தில் கார் லைசென்ஸ் வேண்டுமானால் எச் எடுக்க வேண்டும். மைதானத்தில் அந்த எழுத்தின் வடிவத்தில் கம்பிகளை நட்டிருப்பார்கள். அதற்குள் காரை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, குறுக்கே திருப்பி, மறுபடியும் பின்னால் வந்து வெளியேற வேண்டும். கம்பியில் பட்டால் தோல்வி. நடுவில் வண்டி நின்றுபோனால் தோல்வி. முன்னால் போவது யாருக்கும் பிரச்சினை இல்லை. இந்த ஊரில் மனிதனைச் சோதிப்பது பின்னால் வருவதுதான்.

நானும் ஒரு காலத்தில் எச் எடுக்கப் போனவன். கம்பிகளை வேரோடு எடுத்துவிட்டு வந்தவன். முதல் கம்பி சாய்ந்தபோது பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்தேன். அடுத்த கம்பி பறந்து போய் இன்ஸ்பெக்டரின் நாற்காலியில் விழுந்தது. அவர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார். அந்த டீயின் தயவால்தான் இந்தத் தொடரை இன்று நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஸ்கூட்டர்தான். ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது. அந்த நிம்மதி வேறு எதிலும் இல்லை.

மச்சானின் வண்டி

செண்பகத்துக்கு இந்த வயதில் எச் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு அவளுடைய அண்ணன் தாணு மச்சானைச் சொல்ல வேண்டும்.

மச்சான் நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறார். நல்ல மனிதர். அதைவிட நல்ல, பெரிய, கறுப்புக் கார் வைத்திருக்கிறார். சொந்தத்தில் விசேஷம் என்றால் அவரே கரமனைக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போவார். நெய்யாற்றின்கரை வரும்வரை கார் ஓட்டுவது பற்றியும், அதற்குப் பிறகு ஓட்டத் தெரியாதவர்கள் பற்றியும் பேசுவார். இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பாடம் உண்டு.

"மாப்ளே, கதவ மெதுவா அடைக்கணும். இது ஒம்ம ஸ்கூட்டரு டிக்கி இல்ல கேட்டீரா?"

நான் எவ்வளவு மெதுவாக அடைத்தாலும் அதைச் சொல்வார். ஒருமுறை அடைக்காமலேயே நின்றேன். அப்போதும் சொன்னார்.

அவர் மகளுக்கு நிச்சயதாம்பூலம் நடந்த அன்று பந்தியில் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். "கல்யாணத்தன்னைக்கும் நான்தான் கரமனைக்கு வண்டி கொண்டு வரணுமா? பொண்ணுக்கு அப்பன் பந்தல்ல நிக்கணுமா, பாறசாலையில நிக்கணுமா?"

பந்தி சிரித்தது. செண்பகம் பாயசத்திலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க வராண்டாம் அண்ணே. கல்யாணத்துக்கு நாங்க எங்க வண்டியில வருவோம். நானே ஓட்டிட்டு வாரேன்."

பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பாயசத்தின் பக்கம் குனிந்துகொண்டேன்.

எங்களுக்கு வண்டி இல்லை. அவளுக்கு லைசென்ஸும் இல்லை. முதலில் லைசென்ஸ், பிறகு வண்டி என்று வீட்டில் முடிவானது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ரோட்டில் அழகாக ஓட்டினாள். எச் டெஸ்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பி சாய்ந்தது. கடைசியில், லேர்னர்ஸ் லைசென்ஸ் காலாவதியாவதற்கு முன்னால் ஒரே ஒரு டெஸ்ட் தேதிதான் பாக்கி. அதிலும் கம்பி சாய்ந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் கல்யாணம் முடிந்து, மச்சானுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும்.

அந்த நிலையில்தான், அனகா விளையாடிக்கொண்டிருந்த கேமில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு யார்டைச் செண்பகம் கவனித்திருக்கிறாள். ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் கூம்புகள் வரிசையாக நின்றன.

"அதைப் பாத்ததும் எனக்கு டெஸ்ட் கிரவுண்டு ஞாபகம் வந்துட்டு," என்றாள். "தட்டினாலும் அது தானே எந்திச்சு நிக்குது. இன்ஸ்பெக்டரும் கிடையாது. பின்ன என்ன வேணும்?"

சுவப்பு டேப்

எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல்களில் எச் எடுக்க ஒரு தனி வித்தை உண்டு. சொல்லித்தருகிறவரை ஆசான் என்பார்கள். செண்பகத்தின் ஆசான் பெயர் சசி. அவர் தன் காரின் பின்பக்கக் கண்ணாடியில் சிவப்பு டேப்பைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி ஒட்டிவைத்திருந்தார்.

"சேச்சி, ஒண்ணும் ஆலோசிக்க வேண்டா. தல திரிச்சு நோக்கணும். சுவப்பு டேப்புல கம்பி வந்நு முட்டும்போ ஸ்டீயரிங் ஃபுல்லா ஒடிக்கணும். அத்ரயே உள்ளூ."

கம்பியும் டேப்பும் ஒரே கோட்டில் வந்தால் ஸ்டீயரிங்கை முழுசாகச் சுற்று. அவ்வளவுதான் கார் ஓட்டக் கற்பது. கார் எங்கே இருக்கிறது, கம்பி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஆசானும் டேப்பும் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த நாள் நான் வீட்டுக்கு வந்தபோது டி.வி. திரையின் நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு பொட்டு இருந்தது. மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு.

பின்னால் பார்க்க ஃபிரிட்ஜைப் பார்க்க வேண்டியதில்லை, அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது என்று அனகா காட்டிக்கொடுத்திருந்தாள். அதை அழுத்தினால் காரின் பின்கண்ணாடி வழியே தெரிவது டி.வி.யில் வரும். அதில் சசி ஆசானின் டேப் எங்கே இருக்குமோ அங்கே செண்பகம் தன் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டாள்.

அன்று செய்தி வாசித்தவருக்கு மூக்கின் மேல் பொட்டு. ஒரு மந்திரி பேட்டி கொடுத்தார். அவர் சாய்ந்து சாய்ந்து பேசுகிறவர். பொட்டு அவர் கன்னத்திலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து காதுக்கும் போய் வந்தது. என்ன சொன்னார் என்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

கார் பார்க்கும் படலம்

பன்சாரோ இந்த வேலைக்கு ஆகாது என்பது இரண்டாவது தடவை கடலில் விழுந்தபோது தெளிவாகிவிட்டது. தொட்டால் பறக்கிற வண்டி. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், அனகா தன் கேம் காரேஜைத் திறந்தாள். ஜெயித்துச் சேர்த்த கார்கள் வரிசையாக மினுங்கிக்கொண்டு நின்றன. இருப்பதிலேயே நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கார் பார்க்க உட்கார்ந்தது அன்றுதான்.

"இவிடே எல்லாம் போட்டிருக்கு பாருங்க," என்றாள் அனகா. "டாப் ஸ்பீடு, ஆக்சிலரேஷன், ஹாண்ட்லிங். இதை நோக்கித்தான் கார் எடுக்கணும்."

"பின் கண்ணாடி எவ்வளவு பெரிசுன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள் செண்பகம்.

"அது... போட மாட்டாங்க அம்மா."

"முக்கியமானத போடல்ல."

நான் தொண்டையைச் செருமினேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். இரும்புச் சாமான் வாங்குவது பற்றி எனக்கும் ஒரு கருத்து இருக்காதா?

"மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?"

"அப்பா, ப்ளீஸ்."

"இது ரொம்பத் தாழ்ந்து கெடக்கே. நம்ம ரோட்டுல பைப்புக்குத் தோண்டிப்போட்ட குழி இருக்கு. எறங்கினா ஏறாது."

"அப்பா, ஈ கார் கரமனையில ஓடாது. டி.வி.க்குள்ளேதான் ஓடும்."

"எங்க ஓடினாலும் அடி தட்டப்படாது," என்றேன். வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு கட்டத்துக்கு மேல் பேசக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

கார்களுக்கு இத்தாலிக்காரன் பெயர் மாதிரி என்னென்னவோ பெயர்கள். செண்பகம் ஒன்றையும் ஏற்கவில்லை. தட்டையான ஒன்றுக்கு அப்பளம் என்று பெயர் வைத்தாள். முன்பக்கம் நீண்டிருந்தது மூக்கன். பின்னால் பெரிய இறக்கை வைத்த பச்சைக் காரை, "இது பின்னால ஒண்ணும் காட்டாது. கல்யாண வீட்டுல முன் வரிசையில நின்னு மறைக்கிற ஆளு மாதிரி," என்று ஒதுக்கினாள்.

ஆனால் எதையும் ஓட்டிப் பார்க்காமல் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றையும் யார்டுக்குக் கொண்டுபோய்க் கூம்புகளுக்கு நடுவில் பின்னால் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி வேறு, வால் வேறு. அதனால் பொட்டும் வேறு. அப்பளத்துக்கு மேலே ஒன்று, மூக்கனுக்குக் கீழே ஒன்று. ஒரு வாரத்துக்குள் எங்கள் டி.வி.க்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் எது பந்து, எது பொட்டு என்று தெரியவில்லை. சிக்ஸர் என்று நான் கைதட்டியது ஒருமுறை பொட்டுக்கு.

இடையில் எனக்கும் ஓர் ஆசை வந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது மூக்கனை எடுத்து ஒரு பந்தயத்தில் இறங்கினேன். ஊரில் முதல் சிக்னலிலேயே சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னால் வந்த கார்களெல்லாம் என் மேல் ஏறி இறங்கிப் போய்விட்டன. பச்சை விழுந்ததும் இண்டிகேட்டர் போட வழி தேடினேன். அதற்குள் பந்தயம் முடிந்து பரிசும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் விதியை மதித்து ஓட்டிய ஒரே ஆள் நான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டப்பா

கடைசியில் ஜெயித்தது யாரும் எதிர்பாராத ஒன்று. எப்போதோ ஆறுதல் பரிசாகக் கிடைத்து, அனகா ஒருமுறைகூட ஓட்டாமல் மூலையில் போட்டிருந்த பழைய மாடல் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, சதுரமான உடம்பு, பின்னால் வீட்டு ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி. செண்பகம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதாக்கும் வண்டி. டப்பா மாதிரி இருக்கு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியுது."

"அம்மா, இது இந்த கேமிலே இருக்கதிலேயே மோசம் கார்!"

"பெயிண்ட மாத்து. வெள்ளை."

"வெள்ளையா? மேட் பிளாக் ஆக்கட்டே?"

"கல்யாணத்துக்குப் போற வண்டி கறுப்பா? எல் போர்டு எங்க?"

அனகாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பழகுகிறவர்கள் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்து ஒட்ட வேண்டும் என்பது சட்டம்.

"அம்மா, ஈ கேமிலே போலீசை இடிச்சுட்டுத்தான் எல்லாரும் ஓட்டுறாங்க. எல் போர்டு யாரு நோக்கும்?"

"மத்தவங்க என்னமும் செய்யட்டு. எனக்கு லைசென்ஸ் வரல்லியே."

வண்டியில் தீப்பிழம்பு, மண்டையோடு எல்லாம் வரைந்துகொள்ள அந்த கேமில் வசதி இருந்தது. அதை வைத்து என் மகள், அழாத குறையாக, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுதினாள்.

ஸாரி ஆன்ட்டி

கேமின் ஊரில் ஓடிக்கொண்டிருந்த மற்ற கார்களில் பாதி, எங்கெங்கோ உட்கார்ந்து நிஜ மனிதர்கள் ஓட்டுபவை என்பதை நாங்கள் செண்பகத்திடம் சொல்லியிருக்கவில்லை. மைக் திறந்திருந்ததை அனகாவே கவனிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் டப்பா பாதி எச் எடுத்திருந்த நேரம், கறுப்புக் கார் ஒன்று பாய்ந்து வந்து இடித்தது. டப்பா மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.

"ஏ எரப்பாளி!" என்று செண்பகம் எழுந்தேவிட்டாள். "கண்ணு எங்கடே வச்சிருக்கே? எல் போர்டு போட்டிருக்கது தெரியல்லியா? ஒரு பொம்பள எச் எடுத்துட்டு இருக்கா, வந்து இடிக்கான்!"

கறுப்புக் கார் அசையாமல் நின்றது. டி.வி.யிலிருந்து ஓர் ஆண் குரல் மெல்ல வந்தது.

"ஸாரி ஆன்ட்டி."

செண்பகம் டி.வி.யைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான்தான் பேசினேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்கிறவன் நான்தானே.

"ஆன்ட்டி எச்சா எடுக்குந்நது?" என்றது குரல். "நானும் எச் டெஸ்டில் தோற்றிட்டுண்டு. ரெண்டு தடவ."

கொல்லத்துக்காரர். பல் டாக்டர் என்று பின்னால் தெரிந்தது. அன்று முதல் அவர் சாயங்காலம் கிளினிக் மூடியதும் வந்து, தன் கறுப்புக் காரை யார்டு வாசலில் குறுக்கே நிறுத்திக் காவல் இருந்தார். மெல்ல மெல்ல வேறு சில கார்களும் வந்தன. ஓரமாக நின்று பார்த்தார்கள். "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் வலத்து", "மதி, போதும்" என்று சத்தம் கொடுத்தார்கள். நெருப்புக் கக்குகிற வண்டிகளை வைத்துக்கொண்டு, அந்த நகரத்தின் பெரிய பெரிய பந்தயக்காரர்கள் ஒரு டப்பா பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டெஸ்ட்

டெஸ்டன்று காலையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மற்ற கணவன்மாரோடு நானும் நின்றேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வந்ததும் டிரைவிங் ஸ்கூல் கார்களை ஒரு சுற்று பார்த்தார். சசி ஆசானின் காருக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியில் இருந்த சிவப்பு டேப் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, உருட்டி, ஆசானின் உள்ளங்கையில் வைத்தார்.

"டேப்பை நோக்கி ஓடிக்க வேண்டா. வண்டியை நோக்கி ஓடிச்சா மதி," என்றார்.

சசி ஆசானின் முகம், பரீட்சை ஹாலில் பிட்டைப் பறிகொடுத்தவன் முகம் மாதிரி ஆனது. என் முகம் அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

முதலில் போன ஒருவர் கம்பியைச் சாய்த்தார். அடுத்து ஒரு பெண் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் இல்லாத டேப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது செண்பகம்.

ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கை நெற்றிக்குப் போனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டப்போகிறாள். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஒட்டாதே, பழவங்காடிப் பிள்ளையாரே, ஒட்டவிடாதே.

அவள் பொட்டை நெற்றியிலேயே அழுத்திவிட்டுக் கியரைப் போட்டாள்.

முன்னால் போனாள். ரிவர்ஸ். இடது கை பக்கத்து சீட்டின் முதுகுக்குப் போனது. கழுத்து முழுசாகத் திரும்பியது. பின்கண்ணாடி வழியே அவள் கண்ணில் பட்டது நான். கயிற்றுக்கு வெளியே, தூரத்தில் நிற்கிறேன். அவள் கையை வீசினாள். தள்ளி நில்லுங்க.

நான் தள்ளி நின்றேன். பின்னால் இருந்தவரின் காலை மிதித்து, அவரையும் தள்ளிக்கொண்டு நின்றேன்.

வண்டி பின்னால் வந்தது. குறுக்கே திரும்பியது. மறுபடி பின்னால் வந்தது. எந்தக் கம்பியும் அசையவில்லை. கம்பியில் கட்டியிருந்த ரிப்பன்கள் காற்றுக்கு ஆடியதைப் பார்த்தே நான் இரண்டு தடவை கண்ணை மூடினேன்.

மதியம் ரோடு டெஸ்டும் முடிந்தது. டேப் இல்லாமல் எப்படி எடுத்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன்.

"எத்தனை வண்டிய மாத்தி மாத்தி எடுத்தேன்? ஒவ்வொண்ணுக்கும் பொட்டு ஒவ்வொரு எடத்துல. கடைசியில எந்தப் பொட்டு எந்த வண்டிக்குன்னே மறந்துபோச்சு. பின்ன வண்டியத்தானே பாக்கணும்?"

வழியில் பழவங்காடியில் இறங்கினோம். இந்த ஊரில் புது வண்டி எடுத்தவர்கள் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையார் முன்னால்தான். தேங்காய்க் கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எவிடே சேச்சி?"

"வீட்டுல இருக்கு," என்றாள் செண்பகம். "டி.வி.க்குள்ள."

அவர் நல்ல தேங்காயாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் டப்பாவிலிருந்து எல் போர்டை அனகா அழித்தாள். யார்டில் நின்ற அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து, ரோட்டில் ஏதாவது ஆக்ஸிடென்டா என்று கேட்டார்.

வடசேரி

நிஜ வண்டி வாங்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. புரோக்கர் மைலேஜ் பற்றி ஆரம்பித்தார். நான் ஆவலோடு முன்னால் நகர்ந்தேன். செண்பகம் அதற்குள் பின்சீட்டில் ஏறி, பின்கண்ணாடியைக் கையால் அளந்துகொண்டிருந்தாள். சின்ன வண்டி, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது, வெள்ளை. டப்பா மாதிரியே இருந்தது.

கல்யாணத்தன்று கரமனையிலிருந்து வடசேரி வரை அவளே ஓட்டினாள். எங்களை முந்தாத வண்டி அந்த ரோட்டில் இல்லை. கதவுக்கு மேலே இருந்த பிடியை நான் விடவே இல்லை. மண்டபத்தை அடைந்தபோது விரல்களை அனகா ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மண்டப வாசலில் ஒரே கூட்டம். உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. நடுவில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது மச்சானின் பெரிய கறுப்புக் கார். ஒரு பக்கம் சமையல்காரர்களின் வேன், இன்னொரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், பின்னால் வாசலில் கட்டிய குலைவாழை. தெருமுனையில் மாப்பிள்ளை கார் வந்து நின்றுவிட்டது. மேளக்காரர்கள் ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் பட்டு வேட்டியோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால் என்று வேர்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வழி சொன்னார்கள். எல்லோரும் வேறு வேறு வழி.

செண்பகம் எங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினாள். சாவியை என்னிடம் கொடுத்தாள். ஓட்டுவதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு.

"அண்ணே, எறங்குங்க."

"நீ... நீயாட்டி? இது பெரிய வண்டி, கேட்டியா. ஒனக்கு வராது."

"மாப்பிள வந்து வெயில்ல நிக்காரு. எறங்குங்க."

அவர் இறங்கினார். யாரோ அவர் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். செண்பகம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். நெற்றிப் பொட்டை அழுத்தினாள். கழுத்தைத் திருப்பினாள்.

மச்சான் விடவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று, சந்தனக் கிண்ணத்தை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். "வா... வா... லெஃப்டுல ஒடி... ஒடி... பைய..."

ஜன்னல் வழியே தலை வெளியே வந்தது.

"அண்ணே, தள்ளி நில்லுங்க! வண்டி பின்னால வருது!"

மேளம் சட்டென்று நின்றது. மச்சான் இரண்டே எட்டில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பெரிய வண்டி வாழைக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் இலைகூட ஆடாமல், பின்னால் வந்துகொண்டிருந்தது.

நான் போய் அவர் பக்கத்தில், அதே சுவரில் ஒட்டி நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க மச்சான்," என்றேன். "பழகிரும்."